பொன்னில் அகப்படும் இரசம்

சீகிரியாக் குன்றின் சுவரிலே முகிலிடை நிற்கும் மாதரின் மேனி பொன்னிறமானது. ஆனால் அது பொன்னன்று, மண். கி.பி. 477 முதல் 495 வரை அரசு புரிந்த காசியப்பன் காலத்து ஓவியர், மஞ்சளும் சிவப்பும் பச்சையுமான மண்வண்ணங்களைக் கொண்டே அவ்வொளியை வருவித்தனர். மெய்யாகவே பொன் பூசிய கலையைக் காண விரும்புவோர், இலங்கையின் கிழக்குக் கரையிலே கிடைத்து, தேசாதிபதியாயிருந்த பிரவுண்றிக் வாயிலாக 1830இல் பிரித்தானிய அரும்பொருளகத்தை அடைந்த தாரா தேவியின் வெண்கலப் படிமத்தையே நாடவேண்டும்.

உலோகத்தின்மேல் பொன்னை ஒட்டவைக்கப் பண்டை உலகம் கண்ட வழிகளுள் ஒன்று பாதரசமாகும். உரோமாபுரியின் பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே இதனைக் குறித்துள்ளார். இரசமும் பொன்னும் கூடினால் வெண்ணெய் போன்ற களிம்பாகும். அதனைப் படிமத்தில் தடவி நெருப்பில் வாட்டினால் பொன் தங்கும். இரசம் ஆவியாகிப் போகும். எங்கே போகும்? வாட்டுபவனின் நெஞ்சுக்குள்தான்! நிறமும் மணமும் இல்லாத அவ்வாவி கைநடுக்கத்தையும் நினைவுத் தளர்ச்சியையும் தருவது. இத்தாலிய வைத்தியர் இரமத்சினி, 1700இல் வெளியிட்ட தொழில்நோய் நூலிலே, பொற்பூச்சுக்காரருக்கென ஓர் அதிகாரமே வகுத்தார்.

கண்ணுக்குப் புலப்படாத இவ்வாவியைப் பொன்னைக்கொண்டே பிடிக்கும் உபாயத்தை, 1972இல் அமெரிக்காவின் அரிசோனாவிலே மக்னேணி, புசெக், ஹான்சன் என்னும் மூவர் வெளியிட்டனர். மிக மெல்லிய பொற்படலத்தின்மேல் காற்றைச் செலுத்துவார்கள். காற்றிலுள்ள இரசம் பொன்னிலே பற்றிக்கொள்ள, படலத்தின் மின்தடை கூடும். அக்கூடுதலே இரசத்தின் அளவைக் காட்டும். கந்தக வாயுக்களும் பொன்னை மயக்குவனவாதலால், அவற்றை முன்னரே வடித்துவிடல் வேண்டும். படலம் நிறைந்ததும் சூடேற்றினால் இரசம் நீங்கிவிடும், மீண்டும் அளக்கலாம். பண்டைக் கம்மியனின் நெருப்பு செய்த வேலையும் இதுவேயன்றோ!

கருவி இவ்வாறு உலகில் வந்திருந்தும், கொடைக்கானல் மக்களை விழிக்கச் செய்தது கருவியன்று. இந்துஸ்தான் லீவரின் வெப்பமானித் தொழிற்சாலையிலிருந்து வந்த உடைந்த கண்ணாடி, ஏழு தொன்னுக்கும் மேலாக, ஊர்ப் பழைய சாமான் கிடங்கொன்றிலே குவிந்திருந்ததை 2001 மார்ச்சில் மக்கள் கண்டனர். அவ்வாண்டே ஆலை மூடப்பட்டது. இந்திய அணுசக்தித் துறையின் விஞ்ஞானிகள் காற்றை இரசாயனக் கரைசலிற் செலுத்திப் பரிசோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டனர்: ஒரு கனமீற்றருக்கு 1.32 மைக்கிரோகிராம். சொல்லும்போது அற்பமாகவே தோன்றும். மாசற்ற காற்றில் உள்ளதைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அது. ஆலையின் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016இலேதான்.