வில்லடியில் இசைந்த குரல்கள்

திருநெல்வேலிச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும் சுடலைமாடன், இசக்கியம்மன் முதலிய தெய்வங்களுக்கு எடுக்கப்படும் கொடை விழாக்களில் தலைமுறை தலைமுறையாக முழங்கிவரும் வில்லுப்பாட்டுக்கு, மணிகள் கட்டிய வில்லும் அதனோடு பிணைத்த குடமுமே பிரதானம் என்று புதிதாகக் காண்போர் எண்ணக்கூடும். ஆயினும் அக்கலையின் ஜீவன், ஒருவர் சொல்ல மற்றவர் ஏற்கும் சம்பாஷணையிலேயே தங்கியிருக்கிறது.

வீசுகோலேந்தி நடுவில் அமரும் புலவர் ஓரடியை எடுத்துக் கொடுத்ததும், உடுக்கையும் தாளமும் கட்டையும் ஒலிக்க இருமருங்கும் வீற்றிருக்கும் வலம் பாடுவோரும் இடம் பாடுவோரும் அதன் ஈற்றைப் பற்றி நீட்டிப் பாடுவார்கள். அந்தச் சிறு அவகாசத்திலேதான் புலவர் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த அடியை மனத்தில் கோத்துக்கொள்வார். ஒலிபெருக்கி வராத நாளில், இரவு முழுவதும் பாடவேண்டிய கதைக்கு, தம் ஒருவர் தொண்டைக்கு வாய்த்த சுருதியை வைத்துக்கொண்டால், நடுச்சாமத்திற்குள் பக்கப்பாட்டு ஓய்ந்துபோய், கதையே பாதியில் நின்றுவிடும்.

மாமனாரின் மாடுகளைக் காக்கப் போராடி மாண்ட முத்துப்பட்டனைப் போன்றோரின் கதை மரணகட்டத்தை நெருங்கி, சாமியாடியின் உடலில் அருள் ஏறத் தொடங்குமானால், வசன விளக்கம் சுருங்க, தாளம் விரைய, பாடுவோர் அனைவரும் அவருடைய ஆவேசத்தைக் கவனித்தே தம் வேகத்தை அமைத்துக்கொள்வர். பாட்டில் ஒரு சொல்லும் சொல்லாதவருக்கும் குரல்கள் இணங்கும் விந்தை இது.

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், காந்தி மகான் சரிதத்தை வில்லில் பாடிக் கோயிற்கலையைப் பொதுமேடைக்குக் கொணர்ந்தார். அவருக்குத் துணைநின்று, பின்னர் 2022-இல் மறையும்வரை அம்மரபை வளர்த்த சுப்பு ஆறுமுகத்தின் மேடைகளிலும் பக்கப்பாட்டினர் 'ஆமா' போடுவதோடு அமையாமல், சபையோர் மனத்தில் எழும் சந்தேகத்தைத் தாமே கேட்டு, பரிகாசமும் செய்தனர். அருள் வந்தவரின் ஆட்டத்தை நோக்கியிருந்த கவனம், இப்போது சபையோரின் சிரிப்பையும் மௌனத்தையும் நோக்கித் திரும்பியது.

தலைமைக் குரலின் அதிகாரம், பிற குரல்களுக்கு அது விட்டுக்கொடுக்கும் இடத்தைப் பொறுத்தே நிலைபெறும் என்பதை இவ்வரலாறு புலப்படுத்துகிறது. ஏனெனில் பக்கத்தார் எட்டமுடியாத ஸ்தாயியில் தனித்துப் பாடும் புலவர், தம் குரலின் வன்மையைக் காட்டலாமேயன்றி, விடியுமட்டும் கதையை நடத்திச் செல்ல முடியாது.