லிபர்ட்டேரியன் கட்சி (அமெரிக்கா)

தனிமனித உரிமையையும் கட்டற்ற சந்தையையும் முன்னிறுத்தும் அமெரிக்கச் சிறு கட்சி. 1971 டிசம்பரில் கொலராடோ மாநிலத்தில் டேவிட் நோலனும் நண்பர்களும் இதைத் தொடங்கினர். அவ்வாண்டு ஆகஸ்டில் அதிபர் நிக்சன் கூலியும் விலையும் 90 நாட்களுக்கு உயரக்கூடாதென ஆணையிட்டார். டாலருக்கு ஈடாகப் பிறநாடுகளுக்குத் தங்கம் தருவதையும் நிறுத்தினார். சந்தைக்குக் காவல் என நம்பப்பட்ட குடியரசுக் கட்சியின் அதிபரே இதைச் செய்ததால் தனிக்கட்சி எண்ணம் வலுத்தது.

பிறர்மீது முதலில் பலத்தைப் பயன்படுத்தக்கூடாது என்பது கட்சியின் அடிப்படை. உறுப்பினராகச் சேர்வோர் இதற்கு உறுதிமொழி தரவேண்டும். இந்த விதி அரசுக்கும் பொருந்தும் என்பதிலிருந்தே மற்றவை பிறக்கின்றன: வருமான வரியும் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வும் வேண்டாம், போதைப்பொருள் பயன்பாடு குற்றமாகாது, துப்பாக்கி வைத்திருப்பது உரிமை, அயல்நாட்டுப் போர்களில் அமெரிக்காவுக்கு வேலையில்லை. இடதுசாரியும் வலதுசாரியும் இதில் பாதியை ஏற்று மீதியைக் கண்டு திகைப்பார்கள்.

1972 அதிபர் தேர்தலில் இரண்டே மாநிலங்களின் வாக்குச்சீட்டில் இடம்பெற்ற கட்சி நாலாயிரம் வாக்குகளைக்கூட எட்டவில்லை. ஆயினும், மாநிலத்தின் சார்பில் அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களில் ஒருவரான வர்ஜீனியாவின் ரோஜர் மெக்பிரைட், நிக்சனுக்கு வாக்களிக்க வேண்டியவர், கட்சி மாறி லிபர்ட்டேரியன் வேட்பாளர்களுக்கு வாக்களித்தார். இதனால் துணை அதிபர் வேட்பாளர் டோனி நேதன், தேர்வாளர் வாக்குப் பெற்ற முதல் பெண்ணானார். மெக்பிரைடுக்கு அடுத்த தேர்தலில் அதிபர் வேட்பாளர் இடம் கிடைத்தது!

2016 அதிபர் தேர்தலில் கட்சி வேட்பாளர் கேரி ஜான்சன் ஏறத்தாழ 45 லட்சம் வாக்குகள், அதாவது 3.3 சதவீதம் பெற்றதே கட்சியின் உச்சம். பெரிய கட்சிகளின் வேட்பாளர்களான டிரம்ப், ஹிலாரி இருவர்மீதும் பலருக்கிருந்த வெறுப்புக்கு அதில் பெரும்பங்குண்டு. நாடாளுமன்றத் தேர்தலில் கட்சி ஒருமுறையும் வென்றதில்லை. குடியரசுக் கட்சி சார்பில் வென்ற ஜஸ்டின் அமாஷ் 2020இல் இதில் சேர்ந்ததோடு சரி. அதிக வாக்குப் பெற்றவரே வெல்லும் தேர்தல் முறையும், வாக்குச்சீட்டில் இடம்பெற மாநிலந்தோறும் கையெழுத்துத் திரட்டும் செலவும் சிறு கட்சிகளை வளரவிடுவதில்லை.

கொள்கைத் தூய்மையா, வாக்கா என்ற உட்பூசல் ஓய்ந்ததேயில்லை. 2022இல் ரீனோ மாநாட்டில் தீவிரப் பிரிவான மீசஸ் காக்கஸ் தலைமையைக் கைப்பற்றியது. கருக்கலைப்பு உரிமைக்கு ஆதரவான வாசகம் கொள்கை அறிக்கையிலிருந்து நீக்கப்பட்டது. 2024 மாநாட்டுக்கு அழைக்கப்பட்ட டிரம்பை உறுப்பினர்கள் கூச்சலிட்டு எதிர்த்தனர். ஆனால் 'சில்க் ரோடு' கள்ளச்சந்தை இணையதளத்தை நடத்தி ஆயுள் தண்டனை பெற்ற ராஸ் உல்பிரிக்டை விடுவிப்பதாக அவர் சொன்னபோது ஆரவாரித்தனர். அவ்வாண்டு அதிபர் தேர்தலில் கட்சி வேட்பாளர் சேஸ் ஆலிவருக்குக் கிடைத்தது 0.4 சதவீத வாக்கு, உல்பிரிக்ட் 2025 ஜனவரியில் மன்னிக்கப்பட்டு விடுதலையானார்.