கத்தார் பாலைவனத்தில் 4 ராட்சத உருக்குத் தகடுகள்: லீவு நாளில் பார்க்கப் போகலாமா?

ராமநாதபுரம் மாவட்டம் சிக்கல், கடலாடி, சாயல்குடி வட்டாரத்தில் இருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் ஏராளம். அவர்களில் கத்தாரில் இருப்பவர்கள், டிக்கெட் எடுக்காமலே பார்க்கக்கூடிய பிரமாண்ட சிற்பம் ஒன்று அங்கே பாலைவனத்துக்குள் நிற்கிறது. ஆனால், நேரம் தெரியாமல் போனால் உயிருக்கே ஆபத்து.

அங்கே என்ன இருக்கு?

கத்தாரின் மேற்குப் பகுதியில் உள்ள ஜிக்ரீத்தில், 4 உருக்குத் தகடுகள் ஒரே வரிசையில் நிற்கின்றன. முதல் தகட்டுக்கும் கடைசித் தகட்டுக்கும் இடையே 1 கிலோமீட்டருக்கு மேல் தூரம். அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ரா உருவாக்கிய இந்தச் சிற்பம், 2014-ல் அமைக்கப்பட்டது. பெயர், 'கிழக்கு-மேற்கு/மேற்கு-கிழக்கு'. செர்ரா 2024 மார்ச்சில் காலமானார்.

வெறும் தகட்டில் பார்க்க என்ன இருக்கு?

இரண்டு தகடுகளின் உயரம் 14.7 மீட்டர். மற்ற இரண்டும் 16.7 மீட்டர். ஆனாலும், கொத்தனார் ரசமட்டம் பிடித்த மாதிரி நான்கின் உச்சியும் ஒரே மட்டம். காரணம், தரைதான் ஏறி இறங்குகிறது. சுற்றியுள்ள மேடுகளின் உயரத்துக்கும் அது சமம். கண்ணுக்குத் தெரியாத நிலத்தின் மேடுபள்ளத்தை, தகடுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் புரிஞ்சுக்கலாம்.

எப்படிப் போறது?

தோஹாவில் இருந்து துக்கான் நெடுஞ்சாலையில் மேற்கே போக வேண்டும். பஸ் கிடையாது. கடைசிப் பகுதி தார்ச்சாலை இல்லாத பாலைவனப் பாதை என்பதால் ஃபோர் வீல் டிரைவ் வண்டியே நல்லது. தனியாகப் போக வேண்டாம். போன் சிக்னலை நம்பாமல், மேப்பை முன்கூட்டியே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

எப்போ போகக் கூடாது?

கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணியில் இருந்து மாலை 3.30 வரை திறந்தவெளியில் வேலை வாங்கச் சட்டப்படி தடை. வேலைக்கே ஆகாத வெயில், சுற்றிப்பார்க்க மட்டும் ஆகுமா? நம்ம ஊரிலாவது ஒதுங்க ஒரு கருவேல மரம் இருக்கும். அங்கே நிழல் என்றால் அந்தத் தகடுகளின் நிழல்தான். உச்சி வேளையில் அதுவும் சுருங்கிவிடும்.

நவம்பர் முதல் மார்ச் வரை, காலையிலோ மாலையிலோ போவது நல்லது. தண்ணீர் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் தார்ச்சாலைக்குத் திரும்பிவிடுங்கள். அவசர உதவிக்கு 999. முக்கியமாக, தகட்டில் பெயரைக் கிறுக்க வேண்டாம். வெளிநாட்டில் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு போலீஸ் வழக்கு போதும், பிழைப்பே போய்விடும்.