தண்ணீர் பார்க்கும் கோல்

போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள், மலை ஏறுவதற்கு முன் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொள்வது வழக்கம். போன ஆவணியில் நாங்களும் அப்படித்தான் ஒரு பங்க்கில் நின்றோம். அங்கே ஒரு பையன் தரையிலிருந்த இரும்பு மூடியைத் திறந்து, தன்னைவிட உயரமான ஒரு கோலை உள்ளே விட்டு எடுத்துக்கொண்டிருந்தான். கோலின் அடி நுனியில் ஏதோ பசை தடவியிருந்தது.

"என்ன தம்பி பார்க்கிறாய்?"

"தண்ணி எறங்கியிருக்கான்னு பாக்கறேன் சார். தண்ணி பட்டா இந்தப் பசை நெறம் மாறிடும்."

பெட்ரோலில் தண்ணீர் புகுந்தால் வண்டி நின்றுவிடும். வாடிக்கைக்காரர் சண்டைக்கு வருவார். ஆகவே கோல் விட்டுப் பார்க்கிறார்கள், நியாயம்தான். ஆனால் தண்ணீரில் பெட்ரோல் புகுந்தால் அதைப் பார்க்க யார் கோல் விடுகிறார்கள்? மலை ஏறி முடிக்கும்வரை இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சென்னையில் இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரமே உண்டு. 2013-ஆம் வருஷம் தண்டையார்ப்பேட்டையில் சில வீடுகளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் வாடை அடித்தது. வாடையோடு நிற்கவில்லை, வாளியில் எண்ணெயே மிதந்தது. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் எண்ணெயை, பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் கிடங்குக்குக் கொண்டுபோகும் குழாய் அந்தத் தெருக்களின் அடியில்தான் ஓடியது. அதில்தான் கசிவு. தொட்டியல்ல, குழாய் என்பது உண்மை. மண்ணுக்குள் இறங்கிவிட்ட எண்ணெய்க்கு அந்தப் பேதமெல்லாம் கிடையாது.

இதை முதலில் கண்டுபிடித்த கருவி எது என்று நினைக்கிறீர்கள்? வீட்டுப் பெண்களின் மூக்கு! காலையில் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் பிடித்தவர்கள்தான் முதலில் கண்டார்கள். விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வுவரை போயிற்று. நிபுணர்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவர்கள்.

நிபுணர்களின் வேலை ஏறக்குறைய துப்பறியும் வேலைதான். சுற்றுவட்டாரத்தில் அங்கங்கே குழாய்த் துளைகள் இறக்குவார்கள். பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானது. நிலத்தடி நீரின் மேல் ஆடைபோல் படியும். அதன் கனத்தை அளப்பார்கள். குறைந்தது மூன்று துளைகளில் நீர்மட்டம் தெரிந்தால், நிலத்தடி நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். எண்ணெய் அடுத்து யார் வீட்டுக் கிணற்றுக்குப் போகும் என்பதும் அதிலிருந்தே தெரியும். இதில் ஒரு சூது இருக்கிறது. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது எண்ணெயும் கூடவே இறங்கி மண்ணில் ஒட்டிக்கொள்ளும். பிறகு மட்டம் மாறும்போது மறுபடி தலைகாட்டலாம். ஆகவே ஒரே தடவை தண்ணீர் எடுத்துச் சோதித்துவிட்டு, 'சுத்தம்' என்று சீட்டு எழுதிக் கொடுப்பவரை நம்பக் கூடாது.

மிதப்பது கண்ணுக்குத் தெரிகிறது, கரைந்தது தெரிவதில்லை. இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பென்ஸீன் என்ற பொருள், பெட்ரோலில் நூற்றுக்கு 1 பங்குவரை இருக்க நம் நாட்டில் அனுமதி உண்டு. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் அது கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரம்பு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1 லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்ஸீன் முழுவதும் கரைந்தால், 8 லட்சம் லிட்டர் தண்ணீர் அந்த வரம்பைத் தொட்டுவிடும். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

அமெரிக்காக்காரர்கள் இதை நமக்கு முன்பே பட்டு அறிந்தவர்கள். இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு அங்கே தெருமுனைக்கொரு பங்க் முளைத்தது. நெருப்புக்குப் பயந்து தொட்டிகளைப் பூமிக்குள் புதைத்தார்கள். வெறும் இரும்புத் தொட்டிகள். துரு தன் வேலையைச் செய்ய முப்பது வருஷம் போதாதா? 1977-ல் மாஸசூஸட்ஸ் மாகாணத்துப் பிராவின்ஸ்டவுன் என்ற கடற்கரை ஊரின் குடிநீர்க் கிணறுகளின் அருகே இருந்த பங்க்கின் தொட்டி கசிந்து கிணறுகளையே மூட நேர்ந்தது. 1984-ல் இதற்கென்று சட்டம் வந்தது. பழைய தொட்டிகளைச் சீர்திருத்த 1998 டிசம்பர்வரை கெடு வைத்தார்கள். அங்கே இதுவரை உறுதியான கசிவுகள் 5 லட்சத்துக்கும் மேல்.

வந்த சரக்கு, விற்ற சரக்கு, மிச்சம் என்று பங்க்குகளில் தினம் கணக்கு எழுதுகிறார்கள். பெரிய ஓட்டை அதில் அகப்பட்டுவிடும். ஆனால் பெட்ரோல் ஆவியாகப் போவதுண்டு, வெயிலில் விரிவதுண்டு. அந்த ஏற்றத்தாழ்வுக்குள் சிறு கசிவு சுகமாக ஒளிந்துகொள்ளலாம்.

ஜவ்வாது மலையைச் சுற்றிலும் கரும்பாறை. தண்டையார்ப்பேட்டை மணலில் எண்ணெய் ஒரு திசையைப் பிடித்து நகரும். பாறையிலோ தண்ணீர் போகும் வழி வெடிப்புகள்தாம். பக்கத்துக் கிணறு தப்பிக்க, நாலு கொல்லை தள்ளியிருக்கிற கிணறு கெடலாம். அங்கே மூன்று துளைக் கணக்கு முழுக்கச் செல்லாது.

திரும்பும்போது அதே பங்க்கில் நிறுத்தினோம். தாகமாயிருந்தது. பையனிடம் தண்ணீர் கேட்டேன்.

"பின்னால போர் இருக்குது சார். நல்ல தண்ணி. நாங்க எல்லாரும் அதைத்தான் குடிக்கிறோம்" என்று ஒரு செம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தான்.

முகர்ந்து பார்க்கக் கை தயங்கியது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே எப்படி முகர்வது? குடித்தேன். ருசியாகத்தான் இருந்தது.