வட்டப் பின்னும் சப்பைப் பின்னும்

பந்தல்குடியில் ஒரு ஹெட்செட் வேண்டும் என்று கேட்டால், ‘போனுக்கா, கம்ப்யூட்டருக்கா?’ என்று திருப்பிக் கேட்பார்கள். அது போதாது. உங்கள் கம்ப்யூட்டரில் என்ன துளை இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். ஒரு பக்கம் 3.5 மி.மீ. வட்டப் பின், மறுபக்கம் யு.எஸ்.பி. சப்பைப் பின். பாட்டுக் கேட்க வட்டம், ஆன்லைனில் பேசச் சப்பை என்பது என் கட்சி.

வட்டப் பின்னுக்கு வயது அதிகம். 19ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி இணைப்பகங்களில் ஆபரேட்டர்கள் கையால் செருகிப் பிடுங்கிய 6.35 மி.மீ. பின்தான் அதன் மூதாதை. அந்தப் பெரிய பின்னை நம் ஊர் மைக் செட்டில் இன்றும் பார்க்கலாம். டிரான்சிஸ்டர் ரேடியோவுக்காக இளைத்த சின்ன பின்னை, 1979இல் வந்த சோனி வாக்மேன் உலகமெங்கும் கொண்டுபோனது. யு.எஸ்.பி.யோ 1996இல் பிறந்தது. வட்டப் பின்னில் ஒலி மின்னலையாகவே ஓடுகிறது. எண்களை ஒலியாக மாற்றும் வேலை கம்ப்யூட்டருக்குள்ளேயே முடிந்துவிடும். சப்பைப் பின்னில் எண்கள்தான் போகின்றன. மாற்றும் சில்லு ஹெட்செட்டிலோ அதன் வயரிலோ உட்கார்ந்திருக்கும். மற்ற வித்தியாசமெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

வட்டப் பின்னைப் பாதி செருகிப் பாருங்கள். சில சமயம் தபேலாவும் வயலினும் கேட்கும், பாடுகிறவரின் குரல் மட்டும் கிணற்றுக்குள் போய்விடும். நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான எர்த். அந்த எர்த் தொடாவிட்டால் இரண்டு காதுக்கும் இடையிலான வித்தியாசம் மட்டுமே ஒலிக்கும். பாடகர் குரலை இரண்டு பக்கமும் சமமாகக் கலந்திருப்பார்கள், சமமானது கழிந்துபோகும். ஹெட்போன் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடும் முன் பின்னை ஒருமுறை அழுத்திப் பார்ப்பது லாபம்.

இதே நோய் இன்னொரு வழியிலும் வரும். பின்னில் உள்ள கறுப்புக் கோடுகளை எண்ணுங்கள். இரண்டு கோடு என்றால் கேட்க மட்டும்; மூன்று என்றால் மைக்கும் சேர்ந்தது. மைக்குக்கும் எர்த்துக்கும் எந்த வளையம் என்பதில் முன்பு இரண்டு முறைகள் இருந்தன. பழைய போன்கள் சிலவற்றோடு வந்த ஹெட்செட்டை இன்றைய லேப்டாப்பில் செருகினால் குரல் அமுங்கும். வயரில் உள்ள பட்டனை அழுத்திப் பிடித்தால் திரும்பி வரும். அப்படி வந்தால் முறை மாறியிருக்கிறது என்று பொருள்.

டெஸ்க்டாப்பில் பச்சைத் துளை கேட்க, இளஞ்சிவப்பு பேச. மூன்று கோட்டுப் பின்னைப் பச்சையில் செருகினால் பாட்டு வரும், மைக் வேலை செய்யாது. அதற்கு ஒரு துளையும் இரண்டு பின்னும் கொண்ட ஒய் கேபிள் வேண்டும். லேப்டாப்பில் ஒரே துளை, உங்கள் ஹெட்செட்டில் இரண்டு பின் என்றால் ஒய் கேபிள் தலைகீழாக வேண்டும்: ஒரு பின், இரண்டு துளை. இங்கேதான் கடையில் ஏமாறுவோம். இரண்டு பேர் சேர்ந்து பாட்டுக் கேட்கும் ஸ்ப்ளிட்டரும் பார்க்க அச்சு அசல் இதே மாதிரிதான். அதன் பின்னில் இரண்டு கோடு இருக்கும், நமக்கு வேண்டியதில் மூன்று.

சப்பைப் பின்னுக்கு இந்த வளையக் கணக்கே கிடையாது. செருகினால் விண்டோஸோ லினக்ஸோ தானே அடையாளம் கண்டுகொள்ளும், பெரும்பாலும் டிரைவர் கேட்காது. சத்தம் இன்னும் பழைய ஸ்பீக்கரிலேயே வந்தால், ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி வெளியீட்டை மாற்றினால் போதும். எர்த் இல்லாத பிளக்கில் லேப்டாப் சார்ஜர் ஓடும்போது வட்டப் பின் மைக்கில் நுழைகிற ‘உம்ம்’ இதில் பெரும்பாலும் அடங்கிவிடும். இன்டர்வியூ, ஆன்லைன் வகுப்புக்கு நான் சப்பையைச் சொல்வது இதனால்தான். 2011இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் லேப்டாப் ஏதாவது வீட்டில் ஜாக் தேய்ந்து கிடந்தால், அதற்கும் வழி உண்டு. பச்சை, இளஞ்சிவப்பு என இரு துளையுள்ள கட்டைவிரல் அளவு யு.எஸ்.பி. சவுண்ட் கார்டைச் செருகினால் பழைய ஹெட்செட்டே ஓடும்.

நீளத்தில் வட்டம் ஜெயிக்கும். யு.எஸ்.பி. கேபிள் 5 மீட்டரைத் தாண்டினால் தகராறு செய்யலாம், வட்டப் பின் வயரைப் பத்து மீட்டருக்கு நீட்டினாலும் பாட்டு வரும். பழுது பார்ப்பதிலும் அப்படியே. சுண்ணாம்புக்கல் தூசி பறக்கிற ஊர் இது. துளைக்குள் மண் சேர்ந்து கரகரவென்றால் ஊதிவிட்டுப் பின்னைச் சுழற்றினாலே பாதி குணமாகும். பின்னின் கழுத்தில் வயர் அறுந்தால் புதுப் பின் வாங்கிச் சால்டர் வைக்கலாம். சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் எர்த் என்பது வழக்கமான வரிசை. இழைகளின் மேல் மெல்லிய அரக்குப் பூச்சு இருக்கும். சால்டரிங் அயர்ன் நுனியால் அதைச் சுட்டு எடுக்காவிட்டால் ஈயம் ஒட்டாது. மைக் செட்காரர்களுக்கு இது கைப்பழக்கம். யு.எஸ்.பி. வயரையும் ஒட்டலாம், ஆனால் சில்லு செத்தால் ஹெட்செட்டும் செத்தது.

இப்போது டைப்-சி இயர்போன்கள் வந்து கணக்கைக் குழப்புகின்றன. வட்டப் பின்னை டைப்-சி துளையில் செருக உதவும் கன்வெர்ட்டர்களிலும் சில்லு உள்ளது, வெறும் வயர் மட்டும் உள்ளது என இரண்டு ரகம். வெறும் வயர் சில போன்களில் பாடும், லேப்டாப்பில் பெரும்பாலும் வாய் திறக்காது. வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால், லேப்டாப்பைக் கடைக்கே எடுத்துப்போய்ச் செருகிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.