கடல் கடந்து கற்கச் சென்ற சிறுவர்

மாணவரைக் குழுவாகச் சேர்த்துப் பிறநாட்டுக்குக் கற்க அனுப்பும் வழக்கம் இன்று எங்கும் காணப்படுகின்றது. கடவுச்சீட்டு, வைத்தியச் சான்று, உடை, செலவுப் பணம், உடன் செல்லும் பொறுப்பாசிரியர் என ஆயத்தங்கள் பல நடைபெறுகின்றன. இவற்றோடு ஆயத்தம் முடிந்துவிடுகின்றதா என்னும் வினாவுக்கு விடை பகரத்தக்க வரலாறு ஒன்று சீன தேசத்தில் உண்டு. 1872 ஆம் ஆண்டு முதல் 1875 ஆம் ஆண்டு வரை, ஆண்டுக்கு 30 பேராக 120 சிறுவரைச் சீனப் பேரரசு அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்த வரலாறே அது.

இம்முயற்சிக்கு வித்திட்டவர் யுங் விங் என்பவர். மக்காவோவுக்கு அண்மையில், ஏழைக் குடும்பமொன்றில் 1828 இல் பிறந்த இவர், பாதிரிமார் பாடசாலையிற் கற்று, 1847 இல் அமெரிக்கா சென்று, 1854 இல் யேல் கல்லூரியிற் பட்டம் பெற்றார். அமெரிக்கக் கல்லூரியொன்றிற் பட்டம் பெற்ற முதற் சீனர் இவரே. தாம் பெற்ற கல்வியைத் தம் நாட்டுச் சிறுவரும் பெறவேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தே வேரூன்றியது. அபினி யுத்தங்களிலே தோல்வியுற்ற சீனத்துக்குக் கப்பலும் பீரங்கியும் தந்தியும் அறிந்தோர் வேண்டியிருந்தனர். செங் குவோ பான், லி ஹுங் சாங் என்னும் பெருந்தலைவர் இருவரும் யுங் விங்கின் திட்டத்தை 1871 இல் அரசவைக்கு விண்ணப்பித்து இசைவு பெற்றனர்.

இசைவு கிடைத்தபின்னரே இடர் தொடங்கிற்று. பிள்ளைகளை ஈந்துதவப் பெற்றோர் முன்வரவில்லை. சீனத்தில் உயர்வு பெறுவதற்குரிய வழி, பழைய நூல்களைக் கற்று அரச பரீட்சையிற் சித்தியெய்துவதே. அவ்வழியை விட்டு, அறியாத நாட்டுக்குத் தம் மக்களை அனுப்பச் செல்வர் எவரும் விரும்பவில்லை. ஆகவே யுங் விங் ஹொங்கொங் சென்று, ஆங்கிலம் சிறிது கற்றிருந்த சிறுவரைத் தேடித் தெரிந்தெடுக்க நேர்ந்தது. பெரும்பாலோர் தென்பாகமாகிய குவாங்துங் மாகாணத்தினர். பிள்ளை பதினைந்து ஆண்டு அரசின் பொறுப்பிலே கற்பதற்கு இசைவதாகவும், அக்காலத்தில் நோயாலோ விபத்தாலோ அவன் இறப்பின் அரசு பொறுப்பன்று எனவும் தந்தையர் கையொப்பம் இட்டனர். பத்து, பன்னிரண்டு வயதுப் பாலகனுக்காக அவ்வாறு கையொப்பமிட்ட தந்தையின் நெஞ்சம் எவ்வாறிருந்திருக்கும் என்பதைக் கூறவேண்டுவதில்லை.

இவர்களைப் பயணத்துக்கு ஆயத்தப்படுத்தும் பொருட்டு ஷாங்காய் நகரிலே தனிப் பாடசாலை ஒன்று அமைக்கப்பட்டது. அங்கே சீன நூல்களும் ஆங்கிலமும் கற்பிக்கப்பட்டன, கட்டுப்பாடும் கடுமையாயிருந்தது. புறப்படும் நாள் நெருங்கியபோது, மாணவர்க்குப் புதிய நெட்டங்கிகளும் பிறவும் அளிக்கப்பட்டன. அமெரிக்காவிலும் சீனக் கல்வி தடைப்படலாகாது எனச் சீன ஆசிரியரும் உடன் அனுப்பப்பட்டனர்.

மறுகரையிலும் ஆயத்தம் நடந்தது. முதற் குழுவுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னதாகவே யுங் விங் அமெரிக்கா சென்று, கனெற்றிக்கட் மாநிலக் கல்வி அதிகாரியோடு கலந்தாலோசித்தார். சிறுவரை ஒரே விடுதியில் அடைத்துவைத்தால் அவர்கள் தம்முள்ளேயே பேசிப் பழகுவர், ஆங்கிலம் வாராது. ஆதலால் இருவர், மூவராகப் பிரித்து, நற்குடும்பங்களின் இல்லங்களில் வதியச் செய்வதெனத் தீர்மானித்தனர்.

கப்பலில் யோக்கஹாமா வழியாகச் சான் பிரான்சிஸ்கோ அடைந்து, அங்கிருந்து புகையிரதத்தில் அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடந்து சென்றனர் சிறுவர். எத்துணை ஆயத்தமும் எதிர்பாராததைத் தடுக்க வல்லதன்று. 1873 இற் சென்ற இரண்டாம் குழுவினரின் புகையிரதத்தைக் கொள்ளையர் மறித்தனர்; எஞ்சின் சாரதி உயிரிழந்தான். அக்குழுவிலிருந்த லீ யான் பூ என்பவர் 1887 இல் வெளியிட்ட நூலில் இதனை எழுதியிருக்கின்றார். வரவேற்ற வீட்டுத் தலைவி அன்போடு அணைத்து முத்தமிட்டபோது தாம் நாணியதையும், உணவின் பெயரை ஆங்கிலத்திற் சொல்லாதார்க்கு அவ்வுணவு இல்லை என்று மேசையிற் பாடம் நடந்ததையும், பாடசாலை என்றெண்ணிச் சென்ற இடம் தேவாலயம் எனக் கண்டு வீட்டுக்கு ஓடிவந்ததையும் அவர் சுவைபட விவரிக்கின்றார்.

சில ஆண்டுகளில் அச்சிறுவர் அந்நாட்டு மக்களோடு ஒன்றிக் கலந்தனர். வகுப்பிற் பரிசில் பெற்றனர், பேஸ்போல் ஆடினர். சிலர் நீண்ட சடையைக் களையவும் கிறிஸ்து சமயத்தைத் தழுவவும் தலைப்பட்டனர். சடையோ அரச விசுவாசத்தின் அடையாளம். மேற்பார்வைக்கு வந்த அதிகாரிகள், பிள்ளைகள் சீனத்தை மறந்து அந்நியராகின்றனர் என்று தலைநகருக்கு முறையிட்டனர். அமெரிக்க இராணுவ, கடற்படைக் கல்லூரிகள் இம்மாணவரை ஏற்க மறுத்தமையும் அரசுக்குச் சினம் மூட்டிற்று. யேல் கல்லூரித் தலைவர், எழுத்தாளர் மார்க் ட்வெயின், முன்னைநாள் ஜனாதிபதி கிராண்ட் முதலியோர் பரிந்து பேசியும் பயன் விளையவில்லை. 1881 இல் அனைவரும் திருப்பியழைக்கப்பட்டனர். அதுவரையிற் பட்டம் பெற்றவர் இருவர் மட்டுமே. நாடு திரும்பும் வழியிலும், ஓக்லாந்து நகர் அணியொன்றுடன் பேஸ்போல் ஆடி வென்றே கப்பலேறினர்.

ஷாங்காய்த் துறையில் அவர்களை வரவேற்க மலர்மாலை இருக்கவில்லை. காவலுடன் அழைத்துச் செல்லப்பட்டு, பாழடைந்த பழைய கட்டிடமொன்றிற் சிலநாள் அடைத்துவைக்கப்பட்டனர். பின்னர், கற்ற துறை யாதென்று நோக்காது, தந்திப் பாடசாலை, கடற்படைப் பாடசாலை எனப் பங்கிடப்பட்டனர். யேலிலே புகையிரதப் பொறியியல் கற்ற ஜான் தியென் யூவும் கடற்படைப் பாடசாலைக்கே அனுப்பப்பட்டார். 1884 இற் பிரான்சுக் கடற்படையுடன் பூச்சௌத் துறையில் நிகழ்ந்த போரில் அவருடைய தோழர் சிலர் மடிந்தனர்.

இங்கேதான் இவ்வரலாறு புகட்டும் பாடம் வெளிப்படுகின்றது. செல்வதற்கு வேண்டிய ஆயத்தம் எல்லாம் செய்யப்பட்டது. திரும்பி வருவோரை ஏற்பதற்கு வேண்டிய ஆயத்தம் எதுவும் செய்யப்படவில்லை. பிள்ளைகள் மாறாது மீள்வர் என அரசு எதிர்பார்த்தது. மாற்றமின்றி மீள்வரேல் அனுப்பியதன் பயன்தான் யாது?

எனினும் விதைத்த விதை முற்றாகப் பட்டுப்போகவில்லை. ஜான் தியென் யூ, பீக்கிங்கிலிருந்து சாங்சியாகௌ வரை மலைகளைக் குடைந்து செல்லும் புகையிரதப் பாதையை 1905 இல் தொடங்கி 1909 இல் நிறைவேற்றினார். பிறநாட்டுப் பொறியியலாளரின் துணையின்றிச் சீனர் தாமே வகுத்தமைத்த முதற் பெரும் பாதை அது. மூன்றாங் குழுவிற் சென்ற தாங் ஷாவோ யீ, 1912 இல் சீனக் குடியரசின் முதற் பிரதமரானார். இரண்டாம் குழுவிற் சென்ற தாங் குவோ ஆன், 1909 இல் அமெரிக்காவுக்கு மீண்டும் மாணவரை அனுப்பியபோது 47 பேர் கொண்ட முதற் குழுவைத் தாமே அழைத்துச் சென்றார். அவ்வாறு செல்வோரை ஆயத்தப்படுத்துவதற்கென 1911 இல் நிறுவப்பட்ட சிங்குவாப் பாடசாலைக்கு அவர் பின்னர்த் தலைவருமானார். அதுவே இன்று உலகறிந்த சிங்குவாப் பல்கலைக்கழகம்.

ஒருகாலத்திற் காவலுடன் கரையிறக்கப்பட்ட மாணவனே பிற்காலத்தில் ஏனைய மாணவரைக் கடல் கடத்தும் ஆசானானான். பிள்ளையை வழியனுப்பத் துறைமுகத்துக்குச் செல்லும் பெற்றோரும் ஆசிரியரும் அவனுடைய பெட்டியில் எல்லாம் உண்டோ என்று பார்ப்பது நன்று. புதியவனாய் அவன் மீண்டு வரும் நாளில், அவனை ஏற்க வீட்டிலும் நாட்டிலும் இடம் உண்டோ என்று பார்ப்பது அதனினும் நன்று.