'டேக் ஆஃப்' என்ற சொல்லுக்குப் பூட்டு போட்ட கதை

1/ விமானம் கிளம்ப டவர்கிட்ட ரெண்டு அனுமதி வாங்கணும். ஒண்ணு வழிக்கானது: எவ்வளவு உயரம் ஏறணும், எந்தப் பக்கம் திரும்பணும். இன்னொண்ணு, ஓடுபாதையில ஓடி மேலெழும்புறதுக்கு. முதலாவது கிடைச்சதை ரெண்டாவதும் கிடைச்சதா எடுத்துக்கிட்டதுல 583 உயிர் போயிருக்கு.

2/ 1977 மார்ச் 27, ஸ்பெயினின் கேனரி தீவுகள். லாஸ் பால்மாஸ் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் விமானங்களைப் பக்கத்து டெனெரிஃப் தீவுக்குத் திருப்பிவிட்டாங்க. சின்ன நிலையம், ஒரே ஓடுபாதை. சாயங்காலம் பனிமூட்டம் வேற. தரை ரேடார் கிடையாது.

3/ ஓடுபாதை முனையில் கே.எல்.எம். ஜம்போ. அதே பாதையில் எதிரே ஊர்ந்து வருது பான் ஆம் ஜம்போ. ஒண்ணுக்கொண்ணு தெரியல. டவருக்கு ரெண்டுமே தெரியல.

4/ கே.எல்.எம். கேப்டன் அங்கே பைலட்டுகளுக்கே பயிற்சி தர்ற சீனியர். அவர் எஞ்சினை முடுக்க, "இன்னும் அனுமதி வரலையே"ன்னு துணை பைலட் நிறுத்தினார். கேட்டதும் டவர் வழி அனுமதியைச் சொன்னது. அதுல "டேக் ஆஃபுக்குப் பிறகு வலப்பக்கம் திரும்பவும்"னு ஒரு வரி. துணை பைலட் அதைத் திருப்பிச் சொல்லி முடிக்கறதுக்குள்ள கேப்டன் கிளம்பிட்டார்.

5/ துணை பைலட் கடைசியா சொன்னது: "இப்போ டேக் ஆஃபில் இருக்கோம்." தயாரா நிக்கிறாங்கன்னு நினைச்ச டவர் "ஓகே" என்றது. கொஞ்சம் விட்டு, "காத்திருங்க, நான் கூப்பிடறேன்." அதே நொடியில் பான் ஆமும் "இன்னும் ஓடுபாதையிலதான் இருக்கோம்"னு சொல்ல, ரெண்டு குரலும் மோதி வெறும் விசில் சத்தமாச்சு. தெளிவா விழுந்தது அந்த "ஓகே" மட்டும்தான்.

6/ "பான் ஆம் இன்னும் விலகலையா?"ன்னு ஃப்ளைட் எஞ்சினியர் கேட்டார். விலகிடுச்சுன்னு கேப்டன் அடிச்சுச் சொன்னார். சில நொடிகளில் மோதல். கே.எல்.எம்.ல ஒருத்தர்கூட மிஞ்சல. பான் ஆம்ல பிழைச்சவங்க 61 பேர்.

7/ அதுக்கப்புறம் விதி மாறுச்சு. மேலெழும்ப அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் 'டேக் ஆஃப்'. மத்த இடத்துல 'டிபார்ச்சர்'. வெறும் "ஓகே" பதிலாகாது. முக்கியமான உத்தரவைத் திருப்பிச் சொல்லணும். சீனியரை ஜூனியர் தடுக்கறதுக்கும் தனிப் பயிற்சி வந்தது.

8/ எமர்ஜென்சியில நாங்களும் இதைத்தான் செய்யறோம். "அட்ரினலின் 1 மி.கி." என்றால் நர்ஸ் மருந்தையும் அளவையும் திருப்பிச் சொல்லணும், போட்டதும் "போட்டாச்சு" சொல்லணும். தலையாட்டினா போதாது.

9/ ஒண்ணு கவனிங்க. அன்னைக்குத் துணை பைலட் வழியைத் திருப்பிச் சொன்னதுல தப்பில்ல. சொன்னது வழி, நடந்தது புறப்பாடு. சந்தேகப்பட்ட எஞ்சினியருக்குப் பதில்கூட கிடைச்சுது. பிரேக்தான் யாரும் போடல. உங்க ஜூனியர் "சார், ஒரு நிமிஷம்"னு சொன்னா முதல்ல கையை நிறுத்துங்க. பதில் அப்புறம் சொல்லிக்கலாம்.